தலைமுழுக ஒரு தொட்டி

வைதேஹிக்கு அந்தக் குளியலறையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். இன்றைக்கு நேற்றா? டெல்லியில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, கரோல்பாகில் இந்த முதல் மாடிக்குக் குடிவந்த அன்றிலிருந்தே அப்படித்தான். குவார்ட்டர்ஸ் குளியலறை தீப்பெட்டி அளவுதான், சுவரில் பாசி பிடிக்கும், எல்லாம் வாஸ்தவம். ஆனால் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டின குழாயைத் திறந்து, நிம்மதியாக நாலு சொம்பு ஊற்றிக்கொள்ளலாம். இங்கே கதவைத் திறந்தால் எதிரே அந்தத் தொட்டி.

வார்ப்பிரும்புத் தொட்டி. உள்ளே வெள்ளைப் பூச்சு, கீழே சிங்கத்தின் பாதம் மாதிரி நாலு கால். விளிம்பு முழங்காலுக்கு மேலே. அந்தக் காலத்தில் சிவில் லைன்ஸ் பங்களா ஒன்றை இடித்தபோது, இந்த வீட்டைக் கட்டின பஞ்சாபி காண்டிராக்டர் ஏலத்தில் எடுத்து வந்து மாட்டிவிட்டானாம். சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சை ஓடு, தலைக்கு மேலே சங்கிலி தொங்கும் தண்ணீர்ப் பெட்டி, பித்தளைக் குழாய்கள். பார்க்க என்னவோ ஜோராகத்தான் இருக்கும். குளிக்க இடம்தான் கிடையாது.

அவள் கணவர் ராமமூர்த்திக்கு அதுவே உயிர். மத்திய சர்க்கார் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்த மனுஷர். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் குளியலறை தரிசனம். சங்கிலியை இழுத்து, தண்ணீர் இடிமாதிரி இறங்குவதைக் காட்டி, "கேட்டீரா சத்தத்தை? வெள்ளைக்காரன் குளிச்ச தொட்டி ஓய்!" என்பார். வெள்ளைக்காரன் குளித்த தொட்டியில் ஞாயிற்றுக்கிழமை அவர் குளிப்பார். தொட்டிக்கும் கம்மோடுக்கும் நடுவே இருந்த இடுக்கில், ஒரு வாளியை வைத்துக்கொண்டு, நின்றபடியே வைதேஹி குளிப்பாள். தொட்டியில் மஞ்சள் கறை படியாமல் தேய்ப்பதும், பித்தளைக்குப் புளி போடுவதும் மட்டும் அவள் பாடு.

"ஏன்னா, இதை எடுத்துட்டுச் சாதாரணமா ஒரு குழாய் போட்டுட்டா என்ன?" என்று அவள் கேட்காமல் இல்லை.

"போடி அசடே! இது மாதிரி ஒண்ணு கிடைக்காதான்னு அமெரிக்காவுல உயிரை விடறான். இவளுக்குக் குழாய் வேணுமாம், குழாய்!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பார். அவள் புளியை எடுத்துக்கொண்டு பித்தளை தேய்க்கப் போய்விடுவாள். வேறென்ன செய்வாள்?

ராமமூர்த்தி போய்ச் சேர்ந்தார். வைதேஹி நிஜமாகவே அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். ஆனால் காரியமெல்லாம் முடிந்த மறுநாள் அந்த இடுக்கில் நின்று தண்ணீர் விட்டுக்கொள்ளும்போது, இனிமேல் இதை உடைக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள்! சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நினைப்பு மட்டும் போகவில்லை.

அதற்கப்புறம் புனேயில் வேலையிலிருந்த மகன் மாதவ், மனைவி ஸ்நேகாவோடு டெல்லிக்கே வந்து அம்மாவோடு தங்கினான். போன குளிர்காலத்தில் வைதேஹி அந்த இடுக்கில் வழுக்கி, தொட்டி விளிம்பில் மணிக்கட்டை மோதிக்கொண்டு, மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். அப்போது ஆரம்பித்தது வீட்டில் பட்டிமன்றம். ஸ்நேகா இந்தூர்ப் பெண், சுருக்கமாகப் பேசுகிறவள். உடைத்துத் தள்ளு, வழுக்காத தரை போடு, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வை என்றாள். மாதவுக்கு மனசு வரவில்லை. இது விண்டேஜ், இது அப்பாவோட பாத்ரூம், இதைத் தொலைத்தால் மறுபடி கிடைக்காது என்று அப்பா மாதிரியே பேசினான். இரண்டு பேரும் வாரக்கணக்கில் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் அடித்துக்கொண்டார்கள். வைதேஹி கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேஜையில், மாதவ் அவள் பக்கம் திரும்பினான்.

"அம்மா, நீ சொல்லு. குளிக்கப் போறவ நீதான். நீ என்ன சொல்றியோ அதான் ஃபைனல்."

வைதேஹி கரண்டியைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து, என்ன குழம்பு வைக்கட்டும் என்பதைத் தவிர வேறெதற்கும் அவள் வார்த்தை இந்த வீட்டில் ஃபைனலாக இருந்ததில்லை.

"இந்த பாத்ரூமைத் தலைமுழுகிட்டாப் போறும்டா மாதவ். அப்பறம் நிம்மதியாக் கண்ணை மூடிடுவேன்."

மாதவுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டான். "முடிஞ்சுது. உன் இஷ்டம்தாம்மா" என்றான். ஸ்நேகாவிடம் இங்கிலீஷில் படபடவென்று என்னவோ சொன்னான். அவள் வைதேஹியை ஒரு முறை முறைத்துவிட்டு எழுந்து போனாள். உடைக்கச் சொன்னவள் இவள்தானே, இப்போது ஏன் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறாள் என்று வைதேஹிக்கு விளங்கவில்லை.

வேலை முடிகிறவரை தூசி வேண்டாம் என்று அவளைப் பெங்களூரில் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பினான் மாதவ். "என்ன பண்றோம்னு கேக்காதேம்மா, சர்ப்ரைஸ்." அவளும் கேட்கவில்லை. தங்கையிடம் தினம் ஒரு பாட்டம்: "என் பிள்ளை என்னைக் கேட்டான்டி! நீ சொல்றதுதான் ஃபைனல்னான்டி!" கீழ்மட்டத்தில் ஒரு குழாய், சுவரோடு ஒரு திண்டு, அதில் உட்கார்ந்து முதுகு நிறைய வெந்நீர். அவள் ஆசை அவ்வளவுதான். அதைச் சொல்லிச் சொல்லித் தங்கைக்குக் காது புளித்துவிட்டது.

திரும்பி வந்த அன்று வீட்டில் சுந்தரேசன் உட்கார்ந்திருந்தார். ராமமூர்த்தியோடு வேலை பார்த்தவர், ஆர்.கே.புரத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். "வாங்கோ மன்னி, உங்க பிள்ளை என்னமோ திறப்புவிழாங்கறான்" என்று சிரித்தார். மாதவ் அம்மாவின் கண்ணைப் பொத்தி அழைத்துப் போய், குளியலறை வாசலில் நிறுத்திக் கையை எடுத்தான்.

தொட்டி அங்கேயேதான் இருந்தது. ஜெய்ப்பூரிலிருந்து ஆள் வரவழைத்துப் புதுப் பூச்சுப் பூசி, பளபளவென்று, கண் கூசுகிற மாதிரி இருந்தது. சிங்கக்காலுக்குத் தங்க வர்ணம். உடைந்த பச்சை ஓடுகளுக்கெல்லாம் எங்கேயோ தேடிப் பிடித்து ஜோடி ஓடு. அவள் நின்று குளித்த அந்த இடுக்கில் ஒரு பெரிய பூந்தொட்டி. தொட்டி விளிம்பில் நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொடியும் கிண்ணத்தில் தயாராக இருந்தன.

"அங்கிள், அம்மா என்ன சொன்னா தெரியுமா?" மாதவ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இந்த பாத்ரூம்ல தலை முழுகிட்டாப் போதும், அப்புறம் நிம்மதியா கண்ணை மூடுவேன்னா. நான் அழுதுட்டேன், அங்கிள். அதான் பழசு எதையும் எடுக்க விடலை."

சுந்தரேசனின் சிரிப்பு பாதியில் நின்றது. வைதேஹியின் முகத்தைப் பார்த்தார்.

"இருப்பா. பாத்ரூம்ல தலைமுழுகணும்னாளா, பாத்ரூமைத் தலைமுழுகணும்னாளா?"

"ரெண்டும் ஒண்ணுதானே அங்கிள்?"

"அட ராமா!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார் அவர். "இதை ஒழிச்சுக்கட்டுன்னு சொல்லியிருக்காடா உங்கம்மா!"

மாதவின் முகம் செத்துப்போயிற்று. அதற்காக அவனிடம் இரக்கப்படலாம்தான். ஆனால் அடுத்த வார்த்தை என்ன வந்தது தெரியுமா?

"அம்மா, கொஞ்சம் தெளிவா சொல்லியிருக்கக் கூடாதா? உடைன்னு ஒரு வார்த்தை!"

"இதைவிடத் தெளிவா எப்படிடா சொல்றது?" என்றாள் வைதேஹி.

"இப்பதான் இவ்வளவும் பண்ணி முடிச்சிருக்கு. உடனே எப்படிம்மா உடைக்கிறது? ஒரு ரெண்டு வருஷம் போகட்டும்."

கதவோரம் நின்ற ஸ்நேகாவுக்குச் சுந்தரேசன் ஹிந்தியில் விஷயத்தைச் சொன்னார். அவள் வைதேஹியின் அருகே வந்து, நான் உங்களுக்காகத்தான் சண்டை போட்டேன் மாஜி, நீங்கள்தான் பிடிவாதம் பிடிக்கிறீர்கள் என்று நினைத்து இத்தனை நாளும் உங்கள் மேல் கோபமாக இருந்தேன் என்று ஹிந்தியில் சொன்னாள். வைதேஹிக்கு அது அட்சரம் பிசகாமல் புரிந்தது. வயிற்றில் சுமந்தவனிடம் சொன்னது போய்ச் சேரவில்லை, வந்தவள் சொன்னது வந்து சேர்ந்துவிட்டது.

ரயில் அழுக்குப் போகக் குளிக்க வேண்டியிருந்தது. நிற்கிற இடத்தில் செடி நின்றது. ஸ்நேகா தோளைப் பிடித்துக்கொள்ள, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தத் தொட்டிக்குள் ஏறினாள் வைதேஹி. தண்ணீர் மேலே விழும்போது ஒன்று ஞாபகம் வந்தது. ராமமூர்த்தி இருந்த காலம். என்னவோ ஒரு சண்டை. மனசு தாளாமல் புனேக்குப் போன் போட்டு, "உங்கப்பாவோட பேசி எனக்கு வயத்தெரிச்சல்தான் மிச்சம்டா" என்று மகனிடம் அழுதாள். மறுநாள் வீட்டு வாசலுக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பாட்டில், ஜீரண மருந்து. அம்மாவைச் சிரிக்க வைக்க அனுப்பியிருக்கிறான், குறும்புக்காரன் என்று அவளும் சிரித்தாள். அக்கம்பக்கத்தில் சொல்லியும் சிரித்தாள்.

அவன் குறும்பு ஒன்றும் செய்யவில்லை. மருந்துதான் அனுப்பியிருக்கிறான்.

சின்ன வயசில் அவனைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போடலாம் என்று அவள் சொன்னபோது, அதை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று கேட்டார் ராமமூர்த்தி. எழுத்து இல்லாவிட்டால் போகிறது, பேச்சாவது இருக்கட்டும் என்று அவள் வாய் ஓயாமல் அவனோடு தமிழில் பேசினாள். சோறு ஊட்டும்போது பேசினாள், ஜுரத்தில் கிடந்தபோது பேசினாள், புருஷனிடம் சொல்ல முடியாததையெல்லாம் இவனிடம் சொன்னாள். ம், ம் என்று கேட்டானே! அத்தனையிலும் என்னத்தைக் கேட்டான்? எதற்கெல்லாம் மருந்து வாங்கினான்? தொட்டிக்குள் நின்று வைதேஹி வாய்விட்டு அழுதாள். ஸ்நேகா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை காபி டம்ளரை மகன் முன்னால் வைத்தாள்.

"பேட்டா, காஃபி பீ லோ" என்றாள்.

மாதவ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. சாயங்காலம் எப்போது வருவாய் என்பதையும் ஹிந்தியில்தான் கேட்டாள், ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பிப்போன காய்கறிச் சந்தை ஹிந்தியில். அன்றிலிருந்து அவனோடு ஒரு வார்த்தை தமிழ் பேசுவதில்லை. வேண்டியதைக் கேட்கிறாள், வேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள், அதோடு சரி. அம்மாவின் ஹிந்தி இப்போது எவ்வளவோ தேறிவிட்டது என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான், தடியன்.