மருந்து ஃபிரிட்ஜில் வைத்த சீலா மீன்

நான் மருந்தைக் கெடுத்தேன். கெடுத்ததை மறைத்தேன். மறைப்பதற்காக ஒரு பெண்ணைப் பொய்க்காரி ஆக்கினேன்... பிள்ளைகளே, உங்கள் அய்யா செய்த காரியம் இது.

வாலிநோக்கத்துக்குப் பக்கத்தில், அரசு சுகாதார நிலையத்தில் மருந்து அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மருந்தாளுநர் சாருக்கு வேறு ஊரும் சேர்த்துப் பொறுப்பு. வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாளெல்லாம் சாவி என் இடுப்பில்.

ஒரு சனிக்கிழமை, மகளுக்குக் காய்ச்சல் குணமான சந்தோஷத்தில் வள்ளத்துக்காரர் ஒருவர் முழுச் சீலா மீனைக் கையில் திணித்துவிட்டுப் போனார். மறுநாள் முதுகுளத்தூரிலிருந்து உங்கள் மாமா வருவதாக இருந்தது. நம் வீட்டில் அப்போது ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்து ஃபிரிட்ஜில் மீன் வைப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை, எல்லோரும் வைத்ததுதான். நான் கூடுதலாகச் செய்தது ஒன்று... மீன் கெட்டுவிடக் கூடாதே என்று குளிரைக் கடைசிவரை திருகிவிட்டேன்.

ஞாயிறு காலை திறந்தேன். மீன் நன்றாக இருந்தது! பக்கத்தில், சர்க்கரை நோயாளிகளுக்குப் போடும் இன்சுலின் குப்பிகள் அத்தனையும் உறைந்து கிடந்தன.

உறைந்த இன்சுலின் உதவாது. அது எனக்குத் தெரியும். அன்றே சொல்லியிருந்தால் பக்கத்து நிலையத்தில் கேட்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் எப்படிக் கெட்டது என்று கேட்பார்களே? குப்பிகளை உப்பளத்து ஓரம் புதைத்தேன். பதிவேட்டில், வழக்கமாக வாங்குகிறவர்களின் பெயருக்கு நேரே 'வழங்கப்பட்டது' என்று எழுதினேன். என் கையெழுத்து முத்துமுத்தாய் இருக்கிறது என்பீர்களே... அதே கையெழுத்துதான்.

மத்தியானம் நீங்கள் நடுத்துண்டுக்குச் சண்டை போட்டீர்கள். நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

அந்தப் பெயர்களில் ஒன்று காளியம்மாள். உப்பளத்தில் கூலிவேலை. மற்றவர்கள் ராமநாதபுரம் போய் வாங்கிக்கொண்டார்கள். அவள் போனால் அன்றைய வேலை போய்விடும். என்னிடமேதான் வந்தாள்.

"இன்னைக்காவது வந்துச்சாண்ணே?"

"மேலருந்து வரலம்மா. அடுத்த வாரம் பாரு."

"நீங்க என்ன செய்வீக பாவம். அனுப்புனாத்தானே குடுப்பீக!"

மேலிருந்து வராத மாதங்களும் உண்டு. கேட்டதில் பாதிதான் வரும், வண்டியும் தாமதிக்கும். அந்த உண்மைக்குள் என் பொய் எவ்வளவு சுலபமாக ஒளிந்துகொண்டது!

மூன்று வாரம் அப்படி வந்தாள். கடைசியாக வந்தபோது, உப்பு அறுத்த காலில் துணி சுற்றியிருந்தாள். பார்த்தேன். பார்த்துவிட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு, அவளைச் சேர்த்திருந்த பெரியாஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போனில் கேட்டார். "இந்தம்மா இன்சுலினே கிடைக்கலைங்குறாங்க. குடுத்தீங்களா, இல்லையா?"

பதிவேட்டைப் புரட்டினேன். எதற்குப் புரட்டினேன்? எனக்குத் தெரியாததா?

"வாங்கியிருக்காங்க சார்."

பாதிப் பாதம் போய்த் திரும்பி வந்தாள். இப்போது பேருந்து நிறுத்தத்தில் கருவாடு விற்கிறாள். 'மருந்த வாங்கி வச்சுக்கிட்டுப் போடாமக் கெடுத்துக்கிட்டா' என்று அவள் புருஷன் இன்றைக்கும் ஏசுகிறான். டாக்டர் சொன்னதாயிற்றே! டாக்டர் யாரைக் கேட்டுச் சொன்னார் என்பது இருவருக்கும் தெரியாது.

என்னைக் கண்டால் அவள் முகம் மலர்கிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை...

"கால் போனாப் போகுதுண்ணே. நான் பொய் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியும்ல? அந்த மனுசன்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

"சொல்றேம்மா."

எத்தனை முறை சொல்லிவிட்டேன், இந்தச் 'சொல்றேம்மா'வை! உங்களுக்கு எழுதிவிட்டேன், அவனிடம் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதியது அவளுக்கு எதற்கு ஆகும்?

நாளை காலையும் நான் அந்த நிறுத்தத்தில்தான் பேருந்து ஏற வேண்டும்.