ரெக்கார்டு நோட்டில் பதினொரு இடங்கள்

அக்காவின் ஜாவா லேப் ரெக்கார்டு நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. முப்பத்தேழாம் பக்கத்தில் சிவப்பு மையில், ஆங்கிலத்தில், ‘எந்தக் கம்பைலர்?’ என்று, புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளைப் பற்றி ஒரு கேள்வி. அதன் கீழே லேப் மேடத்தின் கையெழுத்து. தேதிக் கட்டத்தில் 2005 ஏப்ரல் என்பது தெரிகிறது. நாள் இருந்த இடத்தில் பசை வழிந்து காய்ந்துவிட்டது. சனிக்கிழமை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். எனக்குப் பள்ளி இல்லை, அம்மாவுக்கு அலுவலகம் இருந்தது, அதனால்தான் அக்கா என்னையும் கல்லூரிக்கு அழைத்துப் போனாள்.

படப்பை போகும் சாலையில் இருந்த கல்லூரி அது. அக்கா மூன்றாம் ஆண்டு. திங்களன்று செய்முறைத் தேர்வு. சனி பன்னிரண்டு மணிக்குள் நோட்டில் கையெழுத்து வாங்காவிட்டால் தேர்வில் உட்கார முடியாது. உட்காராவிட்டால் அரியர். அரியர் இருப்பவர்களை, கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் வாசலோடு அனுப்பிவிடும். இதை அம்மா தினமும் எங்களுக்கு நினைவூட்டினாள்.

அந்த நோட்டை எழுதியவள் நான். அன்று எங்கள் பக்கத்து வீடுகளில் இது ஒரு நடைமுறை: அக்காவோ அண்ணனோ பொறியியல் படித்தால், தம்பி தங்கைகள் ரெக்கார்டு எழுதுவார்கள். கோடுபோட்ட வலப்பக்கத்தில் புரோகிராம், வெற்று இடப்பக்கத்தில், லேபில் அதை ஓட்டி அச்செடுத்து ஒட்டிய விடைத்தாள். எனக்குப் பதினொரு வயது. பொருள் தெரியாமல் அழகாக எழுதுவேன். எழுதி முடித்ததை அக்கா ஒருமுறை பார்த்து வைப்பாள்.

அந்தச் சனிக்கு முந்தைய ஞாயிறு, தரமணியில் புரோகிராமராக இருந்த மாமா சில தாள்களை அக்காவுக்காக விட்டுப்போனார். “ஜாவால புது வெர்ஷன் வந்துடுச்சு. பத்து வருஷமா மூணு வரி எழுதினோம். இனிமே ஒரே வரி” என்றார். தாளில் இடப்பக்கம் பழைய முறை: பட்டியலில் அடுத்தது இருக்கிறதா என்று கேட்க வேண்டும், இருந்தால் எடுக்க வேண்டும், எடுத்தது பெயர்தான் என்று வேறு உறுதி சொல்ல வேண்டும். வலப்பக்கம் புதியது: பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் இதைச் செய். அவ்வளவுதான். என் விரல் வலித்துக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த பக்கங்களில் மூன்று வரி வந்த இடத்திலெல்லாம், தாளைப் பார்த்து, ஒரு வரியாக மாற்றினேன். பதினொரு இடங்கள். யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை லேபில் குளிர் அதிகம். மேடம் பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவர், முப்பத்தேழில் நின்றார். இடப்பக்கத்து விடைத்தாளைப் பார்த்தார். மறுபடி வலப்பக்கம்.

“இது நம்ம லேப்ல ஓடாதே. அப்புறம் அவுட்புட் எப்படி வந்துச்சு?”

அக்கா நோட்டை எட்டிப் பார்த்தாள்.

“யாரு எழுதினது?”

“நான்தான் மேடம்” என்றாள் அக்கா.

மேடம் என்னைப் பார்த்தார். நடுவிரலில் இருந்த நீல மையோடு என் கை பாவாடைக்குப் பின்னால் போனது.

“அப்ப உட்காரு. எழுதினதை எழுதினபடி ஓட்டிக் காட்டு. ஓடலைன்னா வேற யாருடையதையோ பார்த்து எழுதியிருக்கேன்னு அர்த்தம். கையெழுத்து கிடையாது.”

பதினொன்றே முக்கால். அக்கா தட்டச்சு செய்தாள். திரையில் பிழைச் செய்திகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கின. பின்னால் வரிசையில் நின்ற ஒருவன், “மச்சான், இன்னா லிஸ்ட்டு இவ்ளோ நீளமா கீது” என்றான். சிலர் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

பிறகு அந்த ஒரு வரியை அழித்து, நோட்டைப் பார்க்காமல், பழைய மூன்று வரியை அடித்தாள். ஓடியது. ஒட்டியிருந்த தாளில் இருந்த அதே விடை.

“ரெண்டும் ஒண்ணுதான் மேடம். புது வெர்ஷன்ல நாம ஒரு வரி எழுதினா, கம்பைலரே உள்ள இந்த மூணு வரியா மாத்திக்கும். இந்த மெஷின்ல பழைய வெர்ஷன் இருக்கு, அதனால புரியல.”

மேடம் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். “எக்ஸ்டர்னல் எக்ஸாம் முன்னாடி இந்த ஆராய்ச்சியெல்லாம் வேணாம்” என்று சொல்லி, ‘எந்தக் கம்பைலர்?’ என்ற அந்தக் கேள்வியை எழுதிக் கையெழுத்திட்டார்.

தாம்பரம் பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். “எத்தனை இடத்துல மாத்தின?”

“பதினொண்ணு.”

“பரவால்ல. மேடம் கண்ணுல பட்டது ஒண்ணோட போச்சு.”

அக்கா என்னைக் காப்பாற்றினாள், அவள் கெட்டிக்காரி, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாள். இவ்வளவுதான் அன்று எனக்குப் புரிந்தது. ஒரு முறையும் ஓட்டிப் பார்க்காத வரியைப் பற்றி அவளால் எப்படி அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிந்தது என்று யோசிக்கவில்லை.

போன மாதம் நோட்டைப் புரட்டியபோது கவனித்தேன். பதினொரு இடத்திலும், ஓரத்தில் மிகச் சிறியதாக, பென்சில் டிக். மேடம் இந்த நோட்டில் சிவப்பு மையைத் தவிர வேறெதையும் பயன்படுத்தவில்லை. அக்காவிடம் தொலைபேசியில் கேட்டேன். “எனக்கு ஞாபகமே இல்லடி” என்றாள், கொஞ்சம் அவசரமாக. அந்த டிக்குகள் சனிக்கிழமைக்கு முன் போட்டவையா, பின் போட்டவையா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.