காகிதத்துக்குக் கைகள் இல்லை

அந்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வந்தவர்கள் நானும் ஜூசியும்தான். ஜூசி எங்கள் கம்பனியில் இருக்கும் ஒரே பெண் காவலாளி. எட்டிப் பார்ப்பதாகச் சொன்ன மேனேஜர் வரவில்லை. அப்போது என்னோடு வேலைக்கு நின்ற ரொசாரியோ வரமாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பின்னால் நடந்ததை எழுதுவதற்கு முன் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

நான் பலெர்மோவில் துவக்கு வைத்திருக்கும் தனியார் காவலாளி. குவார்தியா ஜுராத்தா என்பார்கள். இதற்கு இத்தாலியக் குடியுரிமை வேண்டும், ப்ரெபெத்தூரா என்ற மாகாண அரச அலுவலகத்தின் அனுமதி வேண்டும், துவக்கு லைசென்ஸும் வேண்டும். எங்கள் பெடியள் சிலர் இந்த வேலைக்கு வர யோசிக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு, சீருடை யார் தருவது, இரவு வேலை உண்டா என்று என்னிடம் கேட்பார்கள். இதுவரை ஒருவரும் கேட்காத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ரேஞ்ச்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அம்மா பொலிதேயாமா பக்கம் வீடுகளில் வேலை செய்கிறார். நான் ஒரு ஒபீசில் உட்காருவேன் என்று நினைத்திருந்தார்.

"படிச்ச பிள்ளை துவக்கோடை வாசல்ல நிக்கவோ நான் அஞ்சு வீட்டில நிலம் துடைச்சனான்?"

"நிரந்தர வேலை அம்மா. கான்ட்ராக்ட் தாறாங்கள்."

"தரட்டும். அந்தச் சாமானை மட்டும் என்ர கண்ணில காட்டாதை."

இன்றுவரை காட்டவில்லை. வேலை முடிந்து வந்தால் நேராக என் அறைக்குப் போய் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவேன்.

என்னை ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குக் கிட்ட உள்ள ஒரு சுப்பர்மார்க்கெட்டில் போட்டார்கள். கூட நின்றவர் ரொசாரியோ. தலை நரைத்து, வயிறு பெல்ட்டுக்கு மேல் வந்த மனிதர். என் வயதுக்கும் அதிகமான காலம் இந்த வேலையில் இருந்தவர். பலெர்மோக்காரர் இளம் பெடியளைக் கூப்பிடுவது போல என்னைப் 'பிச்சோ' என்பார். முதல் நாள் ஒரு அம்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டார். அவர்கள் பேசிய இத்தாலியனை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இவனுக்கும் துவக்கு குடுத்திட்டாங்களோ?"

"குடுத்திருக்கு சிஞ்ஞோரா. என்னைவிட நல்ல இத்தாலியன் கதைக்கிறான். உங்களைவிடவும்தான்."

மத்தியானம் அரஞ்சினா என்ற பொரித்த சோற்றுருண்டை வாங்கிப் பாதியைப் பிய்த்து என் கையில் தந்தார். அவரைப் பற்றி இனி என்ன எழுதினாலும் இதை மறந்து எழுத எனக்கு விருப்பமில்லை.

காவலாளிகள் குறித்த காலத்துக்கு ஒரு தடவை ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டுச் சான்றிதழ் எடுக்க வேண்டும். காதில் மூடி, கண்ணில் கண்ணாடி, முன்னால் ஒரு காகித மனிதன். விசில் ஊதினால் சுட வேண்டும், திரும்ப ஊதினால் நிறுத்த வேண்டும். நான் நன்றாகவே சுடுவேன். ரொசாரியோ என்னைவிடத் திறம். இரண்டிரண்டாகச் சுடுவார், இரண்டும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நிற்கும். காகிதத்தைக் கழற்றி என்னிடம் காட்டி, "பார் பிச்சோ, கை தானாய்ச் செய்யுது" என்பார்.

அது உண்மைதான். கை தானாகத்தான் செய்தது.

2. மூடிய கடை

பயிற்சி நடத்தியவர் சிஞ்ஞோரா லூச்சியா, பொலிஸில் இருந்து ஓய்வுபெற்றவர். தெற்கே கடலோரம் மூடிக்கிடந்த ஒரு தளபாடக் கடையை வாடகைக்கு எடுத்து, பழைய அலுமாரிகளை வரிசையாக அடுக்கி, சுப்பர்மார்க்கெட் மாதிரி ஆக்கியிருந்தார். அவருக்குத் தெரிந்த சிலர் வாடிக்கையாளராகவும் கள்ளராகவும் நடித்தார்கள். நிஜத் துவக்கின் நிறையும் வடிவமும் கொண்ட பயிற்சித் துவக்கு, அதற்குள் நீலச் சாயக் குண்டு. முகமூடி போட வேண்டும். பட்டால் நோகும்.

கட்டணம் ஆளுக்கு இருநூற்றி இருபது யூரோ. கம்பனி கட்டுமா என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"சட்டம் என்ன கேக்குது? ரேஞ்ச். அதுக்கு நான் கட்டிறன். சினிமாவுக்கெல்லாம் கம்பனி கட்டாது."

ரொசாரியோவிடமும் கேட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமை நீலச் சாயம் பூசிக்கொண்டு ஓட எனக்கென்ன கார்னிவலா? நீ போ பிச்சோ. கள்ளன் வந்தால் அவன்ர சேட்டில என்ன நிறம் எண்டு எனக்கும் சொல்லு."

போனேன். முதல் தடவை கதவைத் திறந்து உள்ளே நாலடி வைத்திருப்பேன். பின்னால் வெறும் வெடி ஒன்று வெடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது சீமெந்து நிலம். ஒரு மேசைக்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன். கைகள் தலையின் மேல், வாய் திறந்தபடி. ஷெல் விழும்போது காது வெடிக்காமல் இருக்க வாயைத் திற என்று வன்னியில் பங்கருக்குள் அம்மா பழக்கியது. அப்போது நான் சிறு பிள்ளை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், இத்தாலியன், குடியுரிமை எல்லாம் வந்தன. ஒன்றும் அந்த இடத்தைத் தொடவில்லை.

ஜூசி சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். சிஞ்ஞோரா லூச்சியா சிரிக்கவில்லை. எங்கே பழகினாய் என்று கேட்டார், சொன்னேன்.

"உன்ர அம்மா சரியாய்த்தான் பழக்கியிருக்கிறா. ஷெல்லுக்கு அது சரி. ஆனால் இஞ்சை, வெடிச் சத்தத்தோடை ஒராள் மேசைக்குப் பின்னாலை பாய்ஞ்சால் உன்ர கூட்டாளிக்கு என்ன தெரியும்? மறைவெடுத்துச் சுடப்போற ஆள் எண்டுதான் தெரியும். விளங்குதா?"

விளங்கியது. அந்த விளக்கம் எனக்கு எதற்கு வேண்டியிருக்கும் என்பது மட்டும் அப்போது தெரியவில்லை.

இரண்டாம் தடவை விழவில்லை. அதைவிட மோசமாகச் செய்தேன். அவசரத்தில் உறையின் பூட்டு கழல மறுத்தது. கழன்றதும், கைப்பைக்குள் கையை விட்ட ஒரு பெண்ணைச் சுட்டுவிட்டேன். அவள் எடுத்தது போன். நெஞ்சில் நீல வட்டம். சிஞ்ஞோரா லூச்சியா என்னை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி அந்த வட்டத்தைப் பார்க்க வைத்தார். அந்தப் பெண் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "பரவாயில்லை" என்றாள். அந்த வார்த்தை எனக்கு இன்னும் கேட்கிறது.

"காகிதத்துக்குக் கைகள் இல்லை," என்றார் சிஞ்ஞோரா. "அதாலைதான் ரேஞ்சில நீங்கள் கையைப் பாக்கப் பழகிறேல்லை. முகம் பொய் சொல்லும், உடுப்புப் பொய் சொல்லும். கையைப் பார். கையில என்ன எண்டு தெரியுமட்டும் விரல் விசைக்கு வெளியிலை இருக்கட்டும்."

அன்று பொழுதுபடும் வரை திரும்பத் திரும்பச் செய்தோம். பயம் போகவில்லை. பயத்தோடு பார்க்கப் பழகினேன்.

3. யோகன் அண்ணை

அதே சுப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறவர் யோகன் அண்ணை. முல்லைத்தீவுக்காரர். மனிசியும் இரண்டு பெட்டைகளும் இங்கே. என்னை எங்கே கண்டாலும் சும்மா விடமாட்டார்.

"என்ன பெரியவர், நான் ஒரு பக்கெற் பிஸ்கட் எடுத்துச் சாப்பிட்டால் சுடுவியளோ?"

"கிறீம் பிஸ்கட் எண்டால் சுடுவன் அண்ணை."

ஒரு நாள் கோப்பி குடிக்கும்போது அவருக்குப் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். நான் விழுந்த கதையில் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இருநூற்றி இருபதோ? எங்களுக்கு இதைக் காசில்லாமல் பழக்கினவங்களடா. அதுகும் நிஜ ஷெல்லாலை."

"பகிடியை விடுங்கோ அண்ணை. இஞ்சை சத்தம் கேட்டால் அப்பிடிப் பாயக்கூடாது. நிண்ட இடத்திலையே குந்தி, வெறுங்கையைக் காட்டுங்கோ. கையிலை ஏதும் இருந்தால் போட்டிடுங்கோ."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நீ சொல்லுறாய், நானும் கேக்கிறன். ஆனால் சத்தம் கேட்டால் இந்த உடம்பு என்னைக் கேட்டே விழுது?"

4. சனிக்கிழமை

மாரி காலத்து ஒரு சனிக்கிழமை, மத்தியானத்துக்கு முன். ரொசாரியோ வெளி வாசலில், நான் உள்ளே காசு அறைக்குப் பக்கத்தில். ஹெல்மெட் போட்ட இருவர் பக்கவாட்டுக் கதவால் உள்ளே வந்தார்கள். ஒருவன் காசாளரிடம் போனான், மற்றவன் கூரையை நோக்கிச் சுட்டான்.

உடம்பு நிலத்துக்குப் போகப் பார்த்தது. ஆனால் கண் மூடவில்லை. துவக்கு கைக்கு வந்துவிட்டது, எப்படி உறை கழன்றது என்று நினைவில்லை. எல்லாரையும் கீழே படுக்கச் சொல்லிக் கத்தினேன். சுட வழியில்லை, நடுவில் சனம். காசை அள்ளிக்கொண்டு வந்த கதவாலேயே ஓடினார்கள். போகிற போக்கில் ஒருவன் கண்ணாடிக்கு இன்னொரு வெடி வைத்தான்.

அதோடு முடிந்திருக்க வேண்டியது. அதே நேரம் ரொசாரியோ துவக்கோடு முன்வாசலால் ஓடி வந்தார். அவர் கண்ணுக்கு முன்னால், கண்ணாடி வெடித்த சத்தத்தோடு ஒரு ஆள் காசு மேசைக்குப் பின்னால் பாய்ந்தான். கையில் கறுப்பாக ஏதோ, துவக்குப் பிடிபோல ஒரு பிடி.

யோகன் அண்ணை. கையில் இருந்தது விலை லேபல் அடிக்கும் மெஷின்.

நானும் அதே நேரம் அதையே பார்த்தேன். என் துவக்கும் அந்தப் பக்கம்தான் திரும்பியது. ஆனால் என் கண் கைக்குப் போனது. மெஷினில் இருந்து வெள்ளை லேபல் சுருள் தொங்கிக்கொண்டிருந்தது. "ரொசாரியோ, கை! கையைப் பார்!" என்று கத்தினேன்.

அவர் இரண்டு தடவை சுட்டார். ரேஞ்சில் சுடுவது போலவே. ஒன்று எண்ணெய் டின்களில் பட்டது, மற்றது யோகன் அண்ணையின் இடுப்புக்குக் கீழே.

துவக்கை உறையில் போட்டுப் பூட்டிவிட்டு ஓடினேன். நிலமெல்லாம் ஒலிவ் எண்ணெய், முழங்கால் வழுக்கியது. ஜாக்கெட்டைச் சுருட்டிக் காயத்தில் வைத்து முழுப் பாரத்தோடு அமர்த்தினேன். அவர் வாய் திறந்திருந்தது. முதலில் நோவால் என்று நினைத்தேன். பிறகுதான் விளங்கியது.

"ஷெல்லே தம்பி?"

"இல்லை அண்ணை. ஒண்டுமில்லை. என்னைப் பாருங்கோ."

"முள்ளிவாய்க்கால்ல ஒரு கீறல் இல்லாமல் வந்த காலடா இது."

ரொசாரியோ அசையவில்லை. துவக்கு கீழே பார்த்தபடி தொங்கியது. "மறைவெடுத்தான்," என்றார். "பிச்சோ, நீயும் பார்த்தாய்தானே, அவன் மறைவெடுத்தான்." அம்புலன்ஸ் வரும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு நின்றார்.

5. கேள்வி

கோர்ட்டில் என்னைக் கேட்டார்கள்: பார்க்கும்போது அது ஆயுதம் எடுத்து மறையும் ஆள்போல இருந்ததா? இருந்தது என்றேன். கையில் இருந்தது என்னவென்று பார்த்தால் தெரிந்ததா? தெரிந்தது என்றேன். இரண்டும் உண்மை. ரொசாரியோவின் மனைவி அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. யோகன் அண்ணையின் மனிசி நான் முதல் பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது என்கிறார்.

ரொசாரியோவின் லைசென்ஸ் போய்விட்டது. தண்டனை வந்தது, சிறைக்குப் போகத் தேவையில்லை என்றார்கள். ஒரு நாள் கபோ சந்தையில் மீன் கடைக்கு முன்னால் கண்டேன். கையைத் தூக்கினேன், பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார்.

நான் நிறைய யோசித்தேன். அன்று இரண்டு பேரும் தங்களுக்குப் பழக்கப்பட்டதைத்தான் செய்தார்கள். யோகன் அண்ணையை ஷெல் பழக்கியது, ரொசாரியோவைக் காகிதம் பழக்கியது. நான் சுடாமல் நின்றது நான் நல்லவன் என்பதாலோ கெட்டிக்காரன் என்பதாலோ இல்லை. என்னிடம் ஏற்கெனவே ஒரு நீல வட்டம் இருந்தது. அதை ஒரு பெண்ணின் நெஞ்சில், சாயத்தால், யாரும் சாகாமல் போட்டு முடித்திருந்தேன். ரொசாரியோவுக்கு அந்தப் பிழையைச் செய்து பார்க்க வேறு இடம் கிடைக்கவில்லை.

ஆகவே இந்த வேலைக்கு வரும் பெடியளுக்கும் பெட்டைகளுக்கும்: நன்றாகச் சுடத் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது ஒரு பாதிகூட இல்லை. சனத்துக்கு நடுவில், சத்தத்தில், பயத்தோடு, சுடாமல் நிற்கப் பழக்குகிற ஒருவரைத் தேடிப் போங்கள். கம்பனி கட்டாவிட்டால் கடன் வாங்கியாவது போங்கள். வன்னியில் இருந்து வந்த ஆட்கள் வேலை செய்யும் இடம் என்றால், சத்தம் கேட்டால் அவர்கள் விழுவார்கள் என்பதைக் கூட நிற்கிறவருக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள். நான் யோகன் அண்ணைக்குச் சொன்னேன். ரொசாரியோவுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் கம்பனியில் எல்லாரும் சிஞ்ஞோரா லூச்சியாவிடம் போக வேண்டும். மேனேஜர்தான் காசு கட்டுகிறார். அதைச் சினிமா என்று அவர் சொல்வதில்லை.

போன மாதம் யோகன் அண்ணையை வக்கீலின் ஒபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன், மொழி சொல்ல. ஒரு கால் குட்டை, ஊன்றுகோல். நின்று செய்யும் வேலை இனி இல்லை. வக்கீல் காகிதத்தைத் திருப்பி, கம்பனியும் இன்சூரன்ஸும் கட்ட ஒத்துக்கொண்ட தொகையில் விரலை வைத்தார். நான் தமிழில் சொன்னேன். யோகன் அண்ணை கொஞ்ச நேரம் அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த வகுப்பு ஆளுக்கு எவ்வளவு எண்டு சொன்னனி?"

"இருநூற்றி இருபது, அண்ணை."

அவர் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அவர் கைக்குக் கீழே இருந்த தொகை ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் யூரோ.