'வெல்' சொன்னதுக்கு வேலை போகுமா?

1. சரளாவுக்கு முப்பத்தெட்டு

மதிய ஷிஃப்ட் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சரளா ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு நேராக என் இடத்துக்கு வந்து நின்றாள்.

"இன்னாக்கா இது, முப்பத்தெட்டு போட்டுகீது? நான் யாரையாச்சும் திட்டனனா? ஃபோனைப் பாதியில வெச்சனா?"

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கால் சென்டர் அது. இங்கிலாந்தில் வீட்டு பாய்லர் ரிப்பேர் செய்யும் ஒரு கம்பெனிக்கு வரும் ஃபோன்களை நாங்கள் இங்கே உட்கார்ந்து எடுப்போம். நான் குவாலிட்டி டீம். ஏஜென்ட்கள் பேசிய கால்களைக் கேட்டு மார்க் போடுகிறவள்; அதை ஆடிட் என்போம். திருநின்றவூரிலிருந்து ரயிலில் வந்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சைக் கேட்பதுதான் என் பிழைப்பு; இந்தத் தொழிலில் மொத்தம் பத்தொன்பது வருஷம்.

அந்த மாதம்தான் மார்க் போடும் வேலையை ஒரு சாஃப்ட்வேரிடம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் 'ஃபில்லர்', அதாவது பேச்சில் வெட்டியாக வரும் வார்த்தைகள், என்று ஒரு லிஸ்ட். வெல், ஸோ, ரைட், யூ நோ, ஐ மீன், ஆக்சுவலி என்று பத்து வார்த்தைகள். எதைச் சொன்னாலும் ஒவ்வொரு தடவையும் மார்க் கழியும். சரளாவுக்கு மற்ற எல்லாவற்றிலும் நல்ல மார்க். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் அடிமேல் அடி. அடுத்த மாதமும் அறுபதுக்குக் கீழே போனால் அவளுக்கு வேலை கிடையாது. புருஷனை விட்டுப் பிரிந்து, மாங்காட்டில் இரண்டு பெண் பிள்ளைகளோடு தனியாக வாடகைக்கு இருக்கிறவள். வேலை போனால் அண்ணன் வீட்டில் போய் நிற்க வேண்டியதுதான். அவள் சாகத் தயார், அங்கே போகத் தயாரில்லை.

"எனுக்கு யாருக்கா இங்கிலீஷ் சொல்லிக் குட்தாங்க? கஸ்டமருங்க பேசறத கேட்டுகினு அப்டியே பேசறேன். அது தப்பா?" என்றாள்.

அந்த லிஸ்ட்டை எழுதினவளே நான்தான்.

2. என் மேஜை மணி

குவாலிட்டிக்கு வருமுன் நான் ட்ரெயினர். ஓட்டல் கவுன்டரில் இருக்குமே, உள்ளங்கையால் தட்டுகிற மணி, அதை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். கிளாஸில் யாராவது 'வெல்' என்று ஆரம்பித்தால் டிங். 'யூ நோ' என்றால் டிங். தடுமாறுகிறவன்தான் அப்படிப் பேசுவான் என்று எனக்கு ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் அதையே லிஸ்ட்டாக எழுதிச் சொல்லிக் கொடுத்தேன்; சாஃப்ட்வேருக்குள் போனதும் அந்தப் பழைய லிஸ்ட்தான். கடைசியில் பிள்ளைகள் ரயில்வே அனவுன்ஸ்மென்ட் மாதிரி சுத்தமாகப் பேசினார்கள். கஸ்டமர்களோ, "உங்க ஆளுங்க மரியாதையில்லாம பேசறாங்க" என்று புகார் மேல் புகார். உச்சரிப்புதான் கோளாறு என்று அதற்கும் தனியாக ஒரு கிளாஸ் போட்டேன். எவ்வளவு பெரிய மடச்சி நான்!

ஆயிரக்கணக்கில் கால் கேட்ட பிறகுதான் உறைத்தது. அந்த ஊர்க்காரர்கள் 'வெல்' என்று இழுத்தால், நீ எதிர்பார்த்தது நடக்காது, மனசைத் தயார் பண்ணிக்கோ என்று அர்த்தம். 'ரைட்' என்றால், சொன்னதைக் கேட்டுக்கொண்டேன், இனி வேலையைப் பார்க்கலாம். 'ஆக்சுவலி' என்றால், நீ நினைத்தது தப்பு, கோபப்படாதே. 'எனிவே' என்றால் ஃபோனை வைக்கலாமா. இதையெல்லாம் அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அந்தக் குட்டி வார்த்தைகள்தான் சொல்லும்.

நம்மிடம் இல்லையா என்ன? மேனேஜரிடம் லீவு கேட்கப் போகிறவன், "சார்... வந்து... இன்னான்னா..." என்றுதானே ஆரம்பிக்கிறான்? "நாளைக்கு வரமாட்டேன்" என்று மொட்டையாகச் சொல்லிப் பார்க்கட்டும். இங்கிலீஷ்காரனுக்கு மட்டும் மொட்டையாகச் சொன்னால் இனிக்குமா?

சரளா என் கிளாஸுக்கு வந்ததே இல்லை. டேட்டா என்ட்ரியில் இருந்தவளை ஆள் பற்றாக்குறையில் ஃபோனுக்கு மாற்றினார்கள். அதனால்தான் அவள் பேச்சு உயிரோடு இருந்தது.

3. புதன்கிழமை

மேனேஜர் ரகுவிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர், கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சார், அந்த லிஸ்ட்டை எடுத்துடுங்க. தப்பு."

"மேடம், லிஸ்ட் நீங்க குடுத்தது. இப்ப நீங்களே வேணாங்கறீங்க. கிளையன்ட்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"தப்பா குடுத்துட்டாங்கன்னு என் பேரைச் சொல்லுங்க."

"அதெல்லாம் சரிப்படாது. ஒரு ஆளுக்காக சிஸ்டத்தையே மாத்த முடியுமா? விடுங்க மேடம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விடுவதா? நான் செய்த தப்புக்கு அவள் வேலை போவதா?

புதன்கிழமைதோறும் கேலிப்ரேஷன் நடக்கும். கிளையன்ட்டான அந்த பாய்லர் கம்பெனியிலிருந்து ஹெலன் என்ற இங்கிலீஷ்கார அம்மா லைனில் வருவார். எல்லோரும் ஒரே ஃபோன் காலைக் கேட்டு, அவரவர் போட்ட மார்க்கை ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த வாரம் எந்தக் கால் என்று தேர்ந்தெடுக்கும் முறை என்னுடையது. ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் கால், தொண்ணூற்றாறு மார்க் வாங்கினது. குளிரில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரிடம், ரிப்பேர் ஆள் வருவது வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போனதை எங்கள் பையன் சொல்கிறான்: "யுவர் அப்பாயின்ட்மென்ட் இஸ் மூவ்டு டு தர்ஸ்டே. எனிதிங் எல்ஸ்?" கிழவர் கத்திய கத்தலில் ஸ்பீக்கரே அதிர்ந்தது.

இரண்டாவது சரளா. அதே சேதி, வேறொரு கிழவர். "ரைட்... வெல், ஐ'ம் அஃப்ரெய்ட், இட்ஸ் தர்ஸ்டே நவ், யூ ஸீ." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு, "வெல், நெவர் மைண்ட், லவ்" என்றார். அந்த 'லவ்' நம்ம ஊர் 'கண்ணு' மாதிரி. அவள் என்னிடம் வந்து கேட்ட முப்பத்தெட்டு இந்தக் காலுக்குத்தான்.

"இன்னும் ஒரு மார்க் இருக்கு" என்றேன் இங்கிலீஷில். "போன புதன்கிழமை மீட்டிங் ரிக்கார்டிங்கை அதே சாஃப்ட்வேர்ல போட்டேன். ஹெலன், நீங்க வாங்கினது முப்பத்தொண்ணு. எங்க சரளா உங்களைவிட ஏழு மார்க் ஜாஸ்தி."

ரகு மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதிக்கட்டும். "உங்க மக்கள் பேசற மாதிரியே பேசினதுக்காக அந்தப் பொண்ணு வேலையை எடுக்கறீங்கன்னா, முதல்ல என்னை எடுங்க. லிஸ்ட் எழுதினது நான்" என்றேன்.

பிறகு ஹெலன், "அந்த ரெண்டாவது காலை இன்னொரு தடவை போடுங்க" என்றார். போட்டேன்.

வெள்ளிக்கிழமை மெயில் வந்தது. ஃபில்லர் கட்டமே தூக்கப்பட்டது, பழைய மார்க்கெல்லாம் திரும்பக் கணக்கிடப்படும் என்று. சரளா சீட்டை விட்டு எழுந்து வரவில்லை. ஒரு கஸ்டமரோடு ஃபோனில் இருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

4. வார்னிங் லெட்டர்

எனக்கும் ஒன்று வந்தது. அனுமதியில்லாமல் கிளையன்ட்டின் குரலை சாஃப்ட்வேரில் போட்டது விதிமீறல். உண்மைதான், அப்படி ஒரு விதி இருக்கிறது. எச்.ஆர். பெண் தன்மையாகச் சொன்னாள்: "மேம், ஒரு ஸாரி எழுதிக் குடுத்துடுங்க. லெட்டரை ஃபைல்ல வைக்காம விட்டுடறேன்."

"அனுமதி வாங்கலைன்னு எழுதித் தரேன். ஸாரி எழுதமாட்டேன்" என்றேன்.

"அப்ப ஃபைல்ல போயிடும் மேம். ரிட்டயர்மென்ட் வரைக்கும் இருக்கும்."

"இருக்கட்டும்மா."

மார்க் போடுகிற வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் போட்ட விதி ஒருத்தர் வயிற்றில் அடிக்கிறது என்று தெரிந்தால், அதை நீங்களேதான் உடைக்க வேண்டும். வேறு யாரும் வந்து உடைக்கமாட்டார்கள். உடைத்தால் லெட்டர் வரும், வாங்கிக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு ஆடிட்டை நான் ஒழுங்காகச் செய்தேன் என்பதற்கு என் ஃபைலில் இருக்கும் ஒரே அத்தாட்சி அந்த லெட்டர்தான்.