ஓக்பூன் அக்காவின் விற்பனை

ஓக்பூன் அக்காவை யாராவது பைத்தியம் என்று சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிடும். நான் சொல்லலாம். எனக்கு அந்த உரிமை உண்டு. குன்சான் துறைமுகத்துச் சந்தையில் அவள் கடையும் என் கடையும் ஒட்டினாற்போல் இருக்கின்றன, நடுவில் ஒரு தகரத் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் அவள் கிம்ச்சி ஊறுகாயும் நெத்திலி வறுவலும் விற்கிறாள், இந்தப் பக்கம் நான் கருவாடு விற்கிறேன். அவள் பெருமூச்சு விட்டால்கூட எனக்குக் கேட்கும். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு போகலாம்.

புருஷன் செத்தபோது அவள் அழவே இல்லை. கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள். நான் கஞ்சி கொண்டுபோனால் மூடியைத் திறக்காமலேயே திருப்பித் தருவாள். அந்தக் குளிர்காலத்தில்தான் தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டி ஒன்று நடந்தது. பியன் தோஹா என்று ஒரு பையன், அதுவரை பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவனாம், எங்கள் அம்மா காலத்துப் பாணியில் ஒரு பாட்டைப் பாடினான். கடலுக்குப் போனவன் திரும்பாத பாட்டு. ஓக்பூன் அக்கா தரையில் குப்புறப் படுத்து ஓவென்று அழுதாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். மறுநாள் காலை கடை ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. அந்தப் பையனுக்கு நானும் நன்றி சொல்லத்தான் வேண்டும், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு அவன் 'நம்ம பிள்ளை' ஆகிவிட்டான். ரசிகைகள் மன்றத்தில் சேர்ந்தாள். அவர்களுக்கென்று ஒரு நிறம், வாடாமல்லி. வாடாமல்லியில் ஜாக்கெட், வாடாமல்லியில் தொப்பி, முள்ளங்கி வெட்டும் கையுறைகூட வாடாமல்லி. காலையில் கடை திறந்ததும் முதல் வேலை, போனில் அவனுக்கு ஓட்டுப் போடுவது. அப்புறம்தான் கத்தியைத் தொடுவாள்.

எங்கள் ஊர் ரசிகைகளிடம் ஒரு பேச்சு உண்டு. தன் பிள்ளையின் பாட்டை இன்னொருத்திக்குக் கேட்கவைத்து, அவளையும் ரசிகையாக்கிவிட்டால், அதை 'விற்பனை' என்பார்கள். சும்மா விளையாட்டுப் பேச்சுதான், பொருள் எதுவும் கைமாறாது.

"மீன்காரி, இன்னைக்கு ஒருத்திக்கு வித்துட்டேண்டி!" என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கத்துவாள்.

"கிம்ச்சியா?"

"நம்ம பிள்ளைய! பஸ்ஸுல பக்கத்துல உட்கார்ந்தவ காதுல மாட்டிவிட்டேன். இறங்குறப்ப கண்ணத் தொடச்சுக்கிட்டே போறா."

"உன்ன பஸ்ஸுல இருந்து இறக்கிவிடாம இருந்தாங்களே, அதச் சொல்லு."

இப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தோம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

போன இலையுதிர் காலத்தில் அந்தப் பையன் ஒரு கரண்டுப் பாய் கம்பெனிக்கு விளம்பர முகம் ஆனான். தரையில் விரித்துப் படுக்கிற, சுவிட்ச் போட்டால் சூடாகிற பாய். விளம்பரத்தில் அதன்மேல் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, "விடியும்வரை உங்கள் பக்கத்தில்" என்று அந்தக் குரலில் சொல்கிறான். கேட்டால் யாருக்கும் வாங்கத் தோன்றும். அன்றே மன்றத்திலிருந்து அக்காவுக்கு செய்தி வந்துவிட்டது: இந்தப் பருவத்தில் பாய் நன்றாக ஓடினால்தான் வசந்தத்தில் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களாம், நம்ம பிள்ளையின் மதிப்பு அதில்தான் தெரியுமாம்.

அவ்வளவுதான். அக்கா தனக்கு ஒன்று வாங்கினாள். பாய் விற்ற கடைக்காரனிடம் கெஞ்சி, தோஹாவின் ஆளுயர அட்டைப் படத்தை வாங்கிவந்து கிம்ச்சி ஜாடிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். முள்ளங்கி ஊறல் வாங்க வந்தவளிடம் பாயைப் பற்றிப் பேசினாள். விடுமுறை நாளில் வாடாமல்லி ஜாக்கெட்டோடு மின்சாதனக் கடை வாசலிலேயே போய் நின்றாள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவளைக் கம்பெனி ஆள் என்றே நினைத்தார்கள். "ஊழியரம்மா, இது எவ்வளவு கரண்டு இழுக்கும்?" என்று கேட்டால் அவளும் ஊழியரம்மாவாகவே பதில் சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு பெருமை.

"உனக்கு என்னக்கா தர்றாங்க?" என்று கேட்டேன்.

"யாரு?"

"கம்பெனிக்காரன்தான்."

"சீ! நான் என்ன அவனுக்கா செய்யுறேன்? பெத்த பிள்ளைக்குச் செய்யுறதுக்கு யாராவது கூலி கேப்பாங்களா?"

"அவனப் பெத்தவ சியோல்ல சொகமா இருக்கா. உனக்கு இங்க கால் வீங்குது."

"உனக்கு வயித்தெரிச்சல்" என்று உள்ளே போய்விட்டாள். எனக்கு எதற்கு வயிற்றெரிச்சல்? அவள் குரலில் முன்பு இருந்த சிரிப்பு போய்விட்டதே என்றுதான் எரிந்தது. இப்போது ஒருத்தி வாங்கவில்லை என்றால் அக்காவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

சந்தையில் பாதிப் பேர் வாங்கிவிட்டார்கள். ஓக்பூன் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற நம்பிக்கைதான். பழைய கிம்ச்சியைப் புதுசு என்று சொல்லி அவள் ஒருநாளும் விற்றதில்லை, அது சந்தைக்கே தெரியும்.

கடைசியாக வாங்கியவள் போக்ஜா. அக்காவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவள், சந்தை முனையில் பயற்றுப் பூரணம் வைத்த அவித்த பன் விற்கிறவள். தனியாள், மகள் பக்கத்து ஊரில் இருக்கிறாள். சர்க்கரை வியாதி. காலில் முள் குத்தினாலும் தெரியாத அளவுக்கு முற்றியது. வீட்டுத் தரைக்குச் சூடு ஏற்றும் கேஸுக்குப் பணம் போகிறதே என்று கோட்டோடு தூங்குகிறவள். அவளுக்குப் பாய் விற்றது ஒரு வகையில் நல்ல எண்ணம்தான். அக்காவே சுமந்துகொண்டு போய், விரித்து, சுவிட்சைப் போட்டு, சூட்டைக் கூட்டுகிற திருகியையும் திருப்பிவிட்டாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"எத்தன மணி நேரம்டி போடணும்?" என்றாள் போக்ஜா.

"ராத்திரி முழுக்கப் போட்டு வை. நம்ம பிள்ளையே சொல்லுறான்ல, விடியும்வரைனு."

"கால் பொசுங்கிறாதே?"

"என் பேச்சுல உனக்கு நம்பிக்கை இல்லையா?"

பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அதை யார் படித்தார்கள்? எழுத்து எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது. அக்கா அதை மடித்து அலமாரிக்கு அடியில் ஆட்டம் நிற்கச் செருகினாள்.

கடுங்குளிர் மாதத்தில் இரண்டு நாள் பன் கடை திறக்கவில்லை. போய்ப் பார்த்தால் போக்ஜா ஆஸ்பத்திரியில் இருந்தாள். வலது குதிகால் ராத்திரி முழுக்கப் பாயில் அழுந்திக் கிடந்து, உள்ளுக்குள்ளேயே வெந்துவிட்டதாம். வலி தெரியாததால் அவள் எழுந்திருக்கவில்லை. அதோடு நான்கு நாள் சாக்ஸ் போட்டுக்கொண்டு பன் அவித்திருக்கிறாள். தோலை வெட்டி ஒட்டவேண்டும், அது ஒட்டிப் பிடிக்காவிட்டால் காலையே எடுக்கவேண்டிவரலாம் என்று டாக்டர் சொன்னார்.

போக்ஜாவின் மகள் யூன்ஜு அந்தப் பாயை விற்கும் இணையப் பக்கத்தில், காலின் படத்தோடு நடந்ததை எழுதினாள். ஒரு பொழுது போகவில்லை, நூற்றுக்கணக்கான பதில்கள் குவிந்தன. 'எதிரிப் பாடகனின் ஆள்', 'படம் பொய்', 'காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறாள்'. கம்பெனி ஆள் ஒருவன்கூட எழுதவில்லை. எல்லாம் ரசிகைகள், என் வயசுப் பெண்கள், அடுப்படியில் நின்றபடி இதைத் தட்டியிருப்பார்கள். வாசித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

மறுநாள் மன்றத்தின் எங்கள் பகுதித் தலைவி அக்காவுக்கு போன் போட்டாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

"அக்கா, அந்தம்மா உங்க ஊருதானாமே? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"... தெரியும்."

"அப்போ நீங்கதான் நம்ம பிள்ளையக் காப்பாத்தணும். ஒப்பந்தம் பேசுற நேரம். அந்தப் படத்த எடுக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

போனை வைத்த பிறகு வெகுநேரம் கத்திச் சத்தமே இல்லை. அப்புறம் அக்கா எட்டிப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குப் போறேன், கூட வரியா?" என்றாள். எதற்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். போகாதே என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பாள். கூடப் போனேன்.

போக்ஜா எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். ஜாக்கெட்டைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். "என்னடி, ஆஸ்பத்திரிக்கும் இதப் போட்டுக்கிட்டா வர்ற? நர்ஸுகளுக்கும் பாய் விக்கப் போறியா?" என்றாள். கோபமே இல்லை. கட்டுப் போட்ட கால் தலையணைமேல் இருந்தது.

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போக்ஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "யூன்ஜு, அந்தப் படத்த மட்டும் எடுத்துரும்மா" என்றாள்.

யூன்ஜு வெடித்துவிட்டாள். "நான் கம்பெனிக்குப் போன் போட்டேன், பெரியம்மா. ரெண்டு மணி நேரத்துக்கு மேல போடாதனு புத்தகத்துலயே இருக்காம். ராத்திரி முழுக்கப் போடலாம்னு சொன்ன ஆளு யாரு, எங்க ஊழியர்ல அப்படி யாரும் இல்லையேங்குறாங்க. படத்த எடுக்கணும்னா எடுக்குறேன். நீங்க ஒரே ஒரு தடவ அவங்ககிட்ட பேசுங்க. உங்க விளம்பரத்தப் பாத்துத்தான் சொன்னேன்னு சொல்லுங்க. அது போதும்."

விளம்பரத்தைக் குற்றம் சொன்னால் அது அந்தப் பையன் தலையில்தான் விழும் என்று அக்காவுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் போக்ஜாவின் கால் போக்ஜாவின் தப்பாகிவிடும். என்னைப் பார்த்தாள். "பேசுக்கா. உண்மையப் பேசு" என்றேன்.

யூன்ஜு எண்ணைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள். காத்திருக்கச் சொல்லிவிட்டு ஒரு பாட்டு ஓடியது. தோஹாவின் குரல்தான். அந்த அறையில் அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் நான்கு பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் பாட்டோடு அசைந்தது. அவளுக்கே அது தெரியாது.

ஒரு சின்னப் பெண் பேசினாள், நல்ல மரியாதையாக. அக்கா சொன்னாள். விரித்தது நான், திருகியைத் திருப்பியது நான், ராத்திரி முழுக்கப் போடு என்று சொன்னதும் நான்.

"அம்மா, நீங்க எங்க விற்பனைப் பிரிவுங்களா?"

"இல்ல."

"கடை ஊழியருங்களா?"

"இல்லம்மா. சும்மா... பிரியத்துல சொன்னேன்."

விளம்பரத்தைப் பற்றி எப்போது சொல்வாள் என்று யூன்ஜு கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் மறுபடி பாட்டை ஓடவிட்டு, திரும்பி வந்தாள்.

"அம்மா, இந்த உரையாடல் பதிவாகுது. வெளியாள் ஒருத்தர் தவறான முறையில பயன்படுத்தச் சொன்னதா நீங்களே சொல்லுறதால, கம்பெனி இதுக்குப் பொறுப்பில்லங்க. பாதிக்கப்பட்டவங்க நஷ்டஈட்ட உங்ககிட்டத்தான் கேட்டுக்கணும். சம்மதமா?"

"பெரியம்மா!" என்றாள் யூன்ஜு. "விளம்பரத்தச் சொல்லுங்க!"

அக்கா போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லும்மா. அப்படினா எங்க பிள்ளைக்கு இதுல ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தோஹா சாருக்கா? அவருக்கு ஒரு சம்பந்தமும் இல்லங்க."

"சரி. சம்மதம்" என்றாள் ஓக்பூன் அக்கா. அவள் விட்ட மூச்சு அறை முழுக்கக் கேட்டது. அது நிம்மதி மூச்சு. அவளை அந்த இடத்திலேயே ஓங்கி ஓர் அறை அறையவேண்டும் போல எனக்கு இருந்தது.

போக்ஜாவுக்கும் அது கேட்டது. அக்காவின் பிடியிலிருந்து தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள். மகளைப் பார்க்கவில்லை, அக்காவையும் பார்க்கவில்லை.

"மீன்காரி, இவளக் கூட்டிட்டுப் போ" என்றாள் என்னிடம். "என் கால் வலிக்குது."