பஸ் போர்டில் படித்த கன்னடம்

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் சிவாஜிநகரில் தமிழ் மீடியத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்புப் பெண்கள் எல்லோருக்கும் கன்னடம் பேச வரும். கடைக்காரரிடம் சண்டையே போடுவோம். எழுத்தைக் கண்டால்தான் நடுக்கம். அரையாண்டுப் பரீட்சையில் கன்னடத்தில் நான் ஃபெயில். அப்பா இல்லாத வீடு. அம்மா தான் வேலை பார்த்த கார்மெண்ட்ஸிலேயே எனக்கும் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

கேள்விப்பட்டதும் கன்னட மிஸ் வீட்டுக்கே வந்துவிட்டார். ஹாசன் ஜில்லாக்காரர், தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"பரீட்சை முடியட்டும் அம்மா. அது வரைக்கும் பொண்ணு எனக்குக் கொடுங்க. பாஸ் ஆகலேன்னா நானே ஃபேக்டரியில கொண்டு விடறேன்."

மறுநாள் அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் மிஸ் புத்தகத்தைத் தொடவே இல்லை. என்னையும் என்னைப் போலத் தோற்ற நாலு பேரையும் கூட்டிக்கொண்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

"எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்ச இடம்தான். போர்டு படிங்க."

நான் பஸ் நம்பரைப் பார்த்து இடத்தைச் சொல்லிவிட்டேன். உடனே கண்டுபிடித்துவிட்டார். "நம்பர் வேண்டாம். எழுத்து சொல்லு!"

கன்னடத்தில் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் எழுத்துக்குக் கீழே தொங்குமே ஒரு குட்டி எழுத்து, அதுதான் என்னை வாட்டியது. தினமும் போனோம். மூன்றாவது வாரம் ஒரு பஸ் வந்து நின்றது. போர்டில் அப்படி இரண்டு.

"ம... ல்லே..."

பஸ் உறுமிக் கிளம்பப் பார்த்தது. மிஸ் குறுக்கே போய் டிரைவரிடம் கை காட்டி, "ஒந்து நிமிஷ!" என்று கத்தினார்.

"ஷ்வ... மல்லேஷ்வரம்!"

நான் போட்ட கூச்சலில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் கை தட்டினார். மிஸ் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு குதித்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் துணிக்கடை, மருந்துக்கடை, பல் டாக்டர் என்று ஒரு போர்டையும் நான் விடவில்லை. சத்தமாகப் படித்துக்கொண்டே ஓடினேன்.

ரிசல்ட் அன்று எங்களுக்கு முன்னால் மிஸ்தான் கூட்டத்துக்குள் புகுந்தார். திரும்பி வந்தபோது அவருக்குத் தமிழும் வரவில்லை, கன்னடமும் வரவில்லை. ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். ஐந்து பேரும் பாஸ்!

அம்மா அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "காலேஜுக்கு ஃபாரம் எங்க மிஸ் வாங்கணும்?"

மிஸ் பையைத் திறந்தார். ஐந்து ஃபாரம் தயாராக இருந்தது.

பி.யூ.சி. முடித்தேன், நர்சிங் படித்தேன். எங்கள் ஐந்து பேரில் போர்டை அதிகம் தப்பாகப் படித்தவள் இப்போது கன்னட டீச்சர். அதை மட்டும் மிஸ் இன்னும் நம்ப மாட்டேன் என்கிறார்.