லோகேஸ்வரி குத்தி வைத்த ஊசி

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருக்கிற லோகேஸ்வரி தைத்துப் பாதியில் விட்ட ஒட்டுப்போர்வைகளை எல்லாம் ஒன்றோடொன்று முடிந்தால், பினாங்குப் பாலத்தின் இந்த முனையில் கட்டி அந்த முனை வரைக்கும் இழுத்துப் போர்த்திவிடலாம். கீழே போகிற மீன்பிடிப் படகுகளுக்கும் நிழல் கிடைக்கும். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். பாலம் வரைக்கும் வராது. ஜெலுத்தோங் பாசார் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி வரும், அதுவும் கோழிக்கடைப் பக்கம் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால். ஆனால் பாதியில் விட்டது என்று சொன்னேனே, அதில் மட்டும் ஒரு நூலளவும் கூடுதல் இல்லை.

பாயான் லெப்பாஸில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் கழுத்துப்பட்டி தைத்துத் தைத்தே அவள் வயது ஓடிவிட்டது. வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுகளைப் பிளாஸ்டிக் பையில் அமுக்கிக் கொண்டுவருவாள். ஓய்வு பெற்ற பிறகு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைத் தையல் கடைகளில் கேட்டு வாங்கினாள். எதிர்வீட்டு ஹுஸ்னாவின் பழைய கபாயாச் சட்டை, மறைந்துபோன தங்கையின் நைலக்ஸ் சேலைகள், கணவனின் கிழிந்த சாரோங் கைலி, எதையும் விடுவதில்லை. துண்டுக்குத் துண்டு சேர்ப்பதில் அவளுக்குக் கை வேகம். போர்வை பாதிக்கு மேல் வளர்ந்ததும் கை தயங்கும். முடித்துவிட்டால் விரிக்க வேண்டும், விரித்தால் நாலு பேர் பார்ப்பார்கள், பார்த்தால் கோணல் தெரியும். அதனால் சுருட்டி அலமாரியில் வைத்துவிடுவாள்.

சும்மா சுருட்ட மாட்டாள். நூல் கோத்த ஊசியை அந்தத் துணியிலேயே குத்தி வைப்பாள். ஊசி இருக்கிற வரைக்கும் வேலைக்கு உயிர் இருக்கிறது, உருவிவிட்டால் செத்த துணி, அப்புறம் தொடத் தோன்றாது என்பது அவள் கணக்கு. யார் சொன்னது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

பயப்படுவதற்கு ஒரு பட்டம் கொடுப்பதாக இருந்தால் அதையும் லோகேஸ்வரிக்கே கொடுக்கலாம். லிஃப்டுக்குப் பயம். கேஸ் சிலிண்டர் தோம்புக்குப் பயம், அடுப்பை அணைத்துவிட்டுப் பாதிப் படி இறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பார்ப்பாள். தங்கை மகள் தனுஜாவுக்குக் குழந்தை பிறந்ததும் இந்தப் பயமெல்லாம் மொத்தமாகப் பாலத்துக்கு அந்தப் பக்கம், தாசேக் கெலுகோருக்குக் குடிபோயிற்று. தனுஜா அங்கேதான் புருஷன் அருணனோடும் மாமியார் சுபாஷினியோடும் இருக்கிறாள். கோயில் கோயிலாகவும் கிளினிக் கிளினிக்காகவும் அலைந்து பெற்ற பெண்குழந்தை. லோகேஸ்வரி அந்த வீட்டுக்குப் போன் போட்டு, கொசுவத்திப் புகை ஆகாது என்றாள். தொட்டில் கொக்கியைப் பாருங்கள் என்றாள். தோட்டத்துப் பூனை மடியில் ஏறிப் படுக்கும் என்றாள். சுபாஷினி முதலில் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு, போன் மணி அடித்தாலே, "ஏதோ புதுப் பயம் வந்திருக்கு லா" என்று மகனிடம் நீட்டத் தொடங்கினாள்.

இந்தக் குழந்தைக்காகத்தான் லோகேஸ்வரி வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போர்வையை முடித்தாள். தனுஜா ஈப்போவுக்குப் படிக்கப் போனபோது அவளுக்கென்று தொடங்கியது. இத்தனை வருஷம் அலமாரியில் கிடந்தது. கர்ப்பம் உறுதியான செய்தி வந்த அன்று வெளியே எடுத்து, பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து, மெஷினில் ஓட்டி, ஓரம் மடித்தாள். குழந்தை பிறந்த முப்பதாம் நாள், முப்பது கும்பிட்ட அன்று, தானே கையால் தொட்டிலில் விரித்தாள். ஸ்பிரிங்கில் தொங்கவிட்ட சாரோங் தொட்டில் கிறீச்சென்று ஆட, வந்திருந்த பெண்கள் போர்வையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். கோணலை யாரும் சொல்லவில்லை.

அந்தப் பாராட்டு தலைக்கு ஏறிவிட்டது. மறுநாள் சாயங்காலம் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, இதோடு எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன் என்று அலமாரியைத் திறந்து, கைக்கு வந்த சுருளை உருவினாள். கட்டைவிரலில் சுருக்கென்றது.

குத்தி வைத்த ஊசி. துருப்பிடித்து, நூல் பழுத்து, துணியோடு ஒட்டிக்கிடந்தது. மேல்துணியைத் திருப்பினால்தான் கண்ணுக்குப் பட்டது, ஏனென்றால் அவள் எப்போதும் உள்பக்கத்துத் தையல் மடிப்பில்தான் குத்துவாள். விரலை வாயில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

தனுஜாவின் போர்வையிலும் இப்படித்தானே குத்தியிருப்பாள்? அதை எப்போது உருவினாள்?

நினைத்துப் பார்த்தாள். மேல்துணியை மேசைமேல் கவிழ்த்தது நினைவு வந்தது. பஞ்சைப் பரப்பியது வந்தது. அடித்துணியை இழுத்து நீவியது வந்தது. ஊசியை உருவியது மட்டும் வரவில்லை. சோற்றுப் பானையில் அரிசி போட்டது நினைவில்லாமல் போகலாம், இது அப்படியா? உருவியிருந்தால் ஊசிடப்பாவில் இருக்கவேண்டும். டப்பாவைக் கொட்டினாள். துருப்பிடித்த ஊசி ஒன்றுகூட இல்லை.

தனுஜாவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. அருணனும் எடுக்கவில்லை. மூன்றாவதாகச் சுபாஷினி.

"சொல்லுங்க சம்பந்தி. இன்னிக்கு என்ன, எறும்பா பல்லியா?"

"பாப்பா எங்க சம்பந்தியம்மா?"

"தொட்டில்லதான். காலையிலேருந்து ஒரே அழுக. வயித்து வலின்னு நெனைக்கிறேன். ஆட்டினா அடங்குது, நிறுத்தினா அலறுது."

பின்னால் ஸ்பிரிங் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், இழுத்து இழுத்து, மூச்சு முட்டுகிற ஓர் அழுகை.

"ஆட்டாதீங்க! தூக்குங்க. மொதல்ல தூக்குங்க."

"ஏன்?"

ஏன் என்று சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் எதிரே சாமி மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்தபின் அந்தச் சொல்லை வாயால் சொல்லக்கூடாது, அந்தப் பொருளைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அதிலும் முப்பது முடிந்த பச்சைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு! தாய் இல்லாத பெண் தனுஜா. தாய் இடத்தில் நின்று இவள் அபசகுனம் பேசினாள் என்று நாளைக்கு அந்த வீட்டில் சொல்லமாட்டார்களா?

"அந்தப் போர்வைய எடுத்துருங்க சம்பந்தியம்மா. அதுல... அது சரியில்ல."

"நல்லாத்தானே இருக்கு. கலர் ஒண்ணும் போகல, ஒரு ஓரத்த நனைச்சுப் பாத்தேன்."

"கலர் இல்ல. கூரா ஒண்ணு..."

"கூரா? பூன நகமா?"

குழந்தை மறுபடியும் வீரிட்டது. லோகேஸ்வரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஊசி! உள்ள ஊசி இருக்கு!"

ஸ்பிரிங் சத்தம் நிற்கவில்லை. அதற்கு மேலே சுபாஷினியின் குரல் பொங்கியது. "விளக்கு வச்ச நேரத்துல பேசற பேச்சா இது? ஒங்க பயத்துக்கு ஒரு அளவே இல்லையா? நேத்து நாலு பேர் தடவிப் பாத்தாங்க, ஒண்ணுமில்ல!" போன் கட்டானது.

தூக்கினாளா, தூக்கவில்லையா? மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

லோகேஸ்வரி எதிர்வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். ஹுஸ்னா தலைத்துணியை இழுத்துவிட்டபடி திறந்தாள்.

"என்னக்கா, கேஸ் லீக்கா?"

"கார எடு ஹுஸ்னா. தாசேக் கெலுகோர். புள்ள போர்வையில ஊசி வச்சுத் தச்சுட்டேன்."

ஹுஸ்னாவுக்கு லோகாக்காவின் பயங்கள் அத்தனையும் மனப்பாடம். ஆனால் கட்டைவிரலில் ரத்தம் உறைந்திருந்ததையும், செருப்பு ஜோடி மாறியிருந்ததையும் பார்த்தாள். உடனே சாவியை எடுத்தாள். லோகேஸ்வரி அன்று லிஃப்டில் இறங்கினாள். லிஃப்டில் இறங்குகிறோம் என்பதே அவளுக்கு உறைக்கவில்லை.

பாலத்தில் ஜாம். வேலை விட்டு வருகிற மோட்டார் சைக்கிள்கள் இரண்டு பக்கமும் ஈசலாகப் பறக்க, ஹுஸ்னாவின் சின்னக் கார் ஊர்ந்தது. கடலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. லோகேஸ்வரி போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"அக்கா, ஊசி நேரா நின்னாத்தான் குத்தும். படுத்துக் கெடந்தா ஒண்ணும் பண்ணாது."

"ஸ்பிரிங் தொட்டில்டி. மேலயும் கீழயும் குதிக்குது. ஒவ்வொரு குதிக்கும் ஊசி நகரும். பஞ்சுக்குள்ள நகர்ந்தா எந்தப் பக்கம் மூக்க நீட்டும்னு யாருக்குத் தெரியும்?"

ஹுஸ்னாவும் தையல் தெரிந்தவள். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

பிறை ஊரைத் தாண்டியதும் வண்டி ஓடியது. ஊருக்கு வெளியே செம்பனை வரிசைகள் இருட்டாக நின்றன. துருவைப் பற்றி நினைத்தாள் லோகேஸ்வரி. துருப்பிடித்த ஊசி முனை சட்டென்று முறியும். முறிந்தால் உள்ளே போகிற துண்டு எவ்வளவு இருக்கும்? ஓர் அரிசி நுனி. அரிசி நுனியளவு இரும்பை ஒரு மாதக் குழந்தையின் உடம்பில் எங்கே என்று தேடுவார்கள்? கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. கதவு திறந்திருந்தது. கூடத்தில் தொட்டில் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். காலி. போர்வை இல்லை, குழந்தையும் இல்லை.

"தனு!" என்று கத்தினாள். அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

அறையிலிருந்து தனுஜா வந்தாள். தோளில் குழந்தை. அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தது. பின்னால் சுபாஷினி. முகத்தில் பழைய எகத்தாளம் இல்லை.

"போன வச்ச ஒடனே தூக்கிட்டேன் சம்பந்தி," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "திட்டினேன்தான். ஆனா தூக்கிட்டேன். சட்டையக் கழட்டிப் பாத்தோம், அப்புறம் போன எடுக்கக்கூடத் தோணல. இதப் பாருங்க."

குழந்தையின் இடது தோளுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் புள்ளி. கடுகளவு. சுற்றிலும் லேசாக வீங்கியிருந்தது.

"கொசுக்கடின்னு காலையில மருந்து தடவினேன்," என்றாள் தனுஜா.

லோகேஸ்வரி தொட நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். தன் கையே பயமாக இருந்தது.

போர்வை சாப்பாட்டு மேசைமேல் விரித்துக் கிடந்தது. அருணன் பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தான். எண்ணெய்க் கையைக்கூடக் கழுவவில்லை. எஞ்சினுக்குள் விழுந்த நட்டுகளை எடுக்கிற காந்தக்குச்சியைக் கொண்டுவந்திருந்தான்.

"கையால தேடினா ஆம்படாது பெரியம்மா. பஞ்சு கனமா இருக்கு. கொஞ்சம் ஒதுங்குங்க."

காந்தத்தைத் துணியோடு ஒட்டி, சதுரம் சதுரமாக நகர்த்தினான். பச்சைச் சதுரம். ஒன்றுமில்லை. தங்கையின் நைலக்ஸ். ஒன்றுமில்லை. கபாயாப் பூ. ஒன்றுமில்லை. ஹுஸ்னா மெதுவாக, "தல எந்தப் பக்கம் வச்சீங்க?" என்று கேட்டாள். தனுஜா குழந்தையோடு வந்து, தொட்டிலில் போட்டது எப்படி என்று கணக்குப் பார்த்து ஒரு மூலையைக் காட்டினாள். அருணன் அங்கே கொண்டுபோனான்.

துணி தானாக எழும்பிக் காந்தத்தில் ஒட்டியது.

லோகேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்தாள். வாழ்க்கையில் முதலாவதாக முடித்த போர்வையை, மடித்துத் தைத்த ஓரத்திலிருந்து பிரித்தாள். பஞ்சை விலக்கி விலக்கி, கடைசியில் இரண்டு விரலால் எடுத்தாள். காவி நிறத் துரு. பழுத்த நூல் இன்னும் காதில் தொங்கியது. முனை ஏற்கெனவே துணியைத் துளைத்து ஒரு நூலிழை வெளியே வந்திருந்தது.

"முனை இருக்கா பாருங்க," என்றாள் சுபாஷினி.

அருணன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். "இருக்கு. முழுசா இருக்கு. ஒடையல."

லோகேஸ்வரி நாற்காலியில் சரிந்தாள். ஹுஸ்னா அவள் முதுகைத் தடவிவிட்டாள். "அல்ஹம்துலில்லாஹ். போதும்கா, அழாதீங்க." சுபாஷினி உள்ளே போய் விபூதி கொண்டுவந்து முதலில் குழந்தைக்கும் அப்புறம் சம்பந்திக்கும் பூசினாள். "நாளைக்குக் காலையில கிளினிக்ல காட்டிருவோம். ஒரு கீறல்தான். நீங்க அந்த நேரத்துல அந்தச் சொல்ல சொல்லாம இருந்திருந்தீங்கன்னா..." என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள். குழந்தை தாயின் தோளில் கண்ணை மூடியது.

"போச்சு," என்றாள் லோகேஸ்வரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. உயிர் திரும்பி வந்ததில் வாயும் திரும்பி வந்திருந்தது. "ஒரு தடவ நிறுத்தினேன், ஒரு ஊசி வச்சேன், அது வந்துருச்சு. இப்பவே ஓரத்த மடிச்சுத் தச்சுக் கொடுத்துடறேன் தனு. புள்ளயப் போட்டுத் தாலாட்டு. இனி பயப்பட ஒண்ணுமே இல்ல."

அருணன் காந்தக்குச்சியைப் பெட்டியில் வைக்கப் போனான்.

தனுஜா குழந்தையைக் கீழே விடவில்லை. போர்வையைப் பார்த்தபடி நின்றாள்.

"ஒரு தடவ இல்ல பெரியம்மா," என்றாள். "என் கல்யாணத்துக்கு முடிச்சுத் தர்றேன்னு மறுபடி எடுத்துட்டு, பாதியில நிறுத்துனீங்களே. அப்பவும் சுருட்டித்தானே வச்சீங்க."